நான்கு சிலிண்டரும் ஒரு டர்போவும்: வீட்டுப் பட்டறையின் வரலாறு

கார் இன்ஜினை வீட்டிலேயே பிரித்து வேகத்துக்காக மாற்றிக் கட்டும் வழக்கம் அமெரிக்காவில் நான்கு சிலிண்டர் இன்ஜினில்தான் தொடங்கியது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யின் 2.9 லிட்டர் இன்ஜின் தந்தது 20 குதிரைத்திறன்தான். வண்டி மலிவு, உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், பிரித்து மாட்டுவது எளிது. அதனால் அதற்கென்று தனி சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட் செய்து விற்கும் சிறு பட்டறைகள் பல முளைத்தன. ஷெவர்லே சகோதரர்கள் செய்த ஃபிரண்டனாக் ஹெட் பூட்டிய ஒரு மாடல் டி இன்ஜின் 1923 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. 1928இல் மாடல் ஏ 40 குதிரைத்திறனோடு வந்தபோது தெற்கு கலிபோர்னியா இளைஞர்கள் அதைப் பிரித்துக் கட்டி, மியூரோக் வறண்ட ஏரிப்படுகையில் ஓட்டிப் பார்த்தார்கள்.

1932இல் ஃபோர்டு மலிவு விலையில் வி8 இன்ஜினைக் கொண்டுவந்ததும் இந்தப் போக்கு திசை மாறியது. இரண்டு வி8 பெயர்த்தெடுக்கும் விலைக்கு ஒரு நான்கு சிலிண்டரை மெருகேற்றுவானேன் என்ற கணக்கு வந்துவிட்டது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அமெரிக்க வீட்டுப் பட்டறையில் வி8தான் ராஜா. நான்கு சிலிண்டர் மறுபடி உள்ளே வந்தது டர்போவின் தயவால். அதுவும் டர்போ கண்டுபிடிக்கப்பட்டு முக்கால் நூற்றாண்டு கழித்துத்தான்.

வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சுழலியைச் சுற்றி, அந்தச் சுழற்சியால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் முறைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். ஆனால் புகையின் சூட்டைத் தாங்கும் உலோகம் அப்போது இல்லை. 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி விமான இன்ஜின் ஒன்றை கொலராடோவில் சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கு லாரியில் ஏற்றிச் சென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின், காற்று மெலிந்த அந்த உயரத்தில் 230 தந்தது. டர்போ பூட்டியதும் 356 தந்தது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-47 போர் விமானமும் உயரத்தில் மூச்சுத் திணறாமல் பறந்தது இந்தக் கருவியால்தான்.

காருக்கு வந்தது 1962இல். ஷெவர்லே கோர்வேர், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் டர்போவோடு விற்பனைக்கு வந்தன. ஜெட்ஃபயரின் கதை பின்னால் வந்த ஒவ்வொரு வீட்டுப் பட்டறைக்காரருக்கும் பாடம். அதன் 3.5 லிட்டர் வி8 இன்ஜினில் அமுக்க விகிதம் 10.25:1. டர்போ பூட்டிய இன்ஜினுக்கு அது மிக அதிகம். அமுக்கப்பட்ட கலவை தீப்பொறிக்குக் காத்திராமல் தானாகவே வெடிக்கும் ஆபத்து உண்டு. மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். உள்ளே சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும், கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் உடையும். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சும் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள். வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டித் தரும் நிலைக்கு நிறுவனம் வந்தது. டர்போ பூட்டுவது பெரிய காரியமல்ல, நாக்கிங்கை அடக்குவதுதான் காரியம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. வீட்டு டர்போவின் வரலாறு முழுவதும் இந்த ஒரு தொல்லையோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

நான்கு சிலிண்டரால் டர்போவைத் தாங்க முடியும் என்று நிரூபித்தது பந்தயக்களம். இண்டியானாபோலிஸின் பழைய குதிரையான ஆஃபன்ஹவுசர் நான்கு சிலிண்டர் இன்ஜின் 1966இல் டர்போவோடு களத்துக்குத் திரும்பியது. 1968இல் பாபி அன்சர் அதை வைத்து 500 மைல் பந்தயத்தை வென்றார். அங்கே டர்போ இன்ஜினுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அந்த இன்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு. இடையில் கேஸ்கெட் இல்லை, ஆகவே கிழிய ஒன்றுமில்லை. வீட்டில் டர்போ கட்டுபவர் முதலில் பறிகொடுப்பது ஹெட் கேஸ்கெட்டைத்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த வடிவமைப்பின் அருமை புரியும்.

ஐரோப்பாவில் பிஎம்டபிள்யூ 1973இல் 2002 டர்போவைக் காட்சிக்கு வைத்தது. 2 லிட்டரில் 170 குதிரைத்திறன். நாக்கிங்குக்குப் பயந்து அமுக்க விகிதத்தை 6.9:1 வரை இறக்கியிருந்தார்கள். அதனால் டர்போ வேகம் பிடிக்கும்வரை வண்டி சோம்பிக் கிடக்கும், பிடித்தபின் திடீரென்று பாயும். அதே சமயம் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. மொத்தம் 1,672 வண்டிகளோடு கதை முடிந்தது. ஆனால் அந்தக் காரின் வார்ப்பிரும்பு பிளாக் எவ்வளவு கெட்டி என்பது அதன் பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. அதே குடும்பத்து பிளாக்கை வைத்து பால் ரோஷே உருவாக்கிய 1.5 லிட்டர் டர்போ இன்ஜினில்தான் நெல்சன் பிகே 1983 ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றார். சாதாரணக் காரில் ஓடித் தேய்ந்து, உள்ளிறுக்கம் நீங்கிய பழைய பிளாக்குகளையே அதற்கு விரும்பி எடுத்தார்கள். காயலான் கடை இரும்பை மதிக்கும் பட்டறைக்காரர்களுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யாரும் தந்ததில்லை.

அன்றாடக் காருக்கு டர்போவைப் பழக்கியது சுவீடனின் சாப். 1977இல் காட்டப்பட்ட சாப் 99 டர்போ 145 குதிரைத்திறன் தந்தது. பெரிய டர்போவை மாட்டி உச்ச வேகத்தைத் துரத்தாமல், சின்ன டர்போ ஒன்றை மாட்டினார்கள். அது குறைந்த சுற்றிலேயே விழித்துக்கொண்டது. அழுத்தம் அளவை மீறும்போது ‘வேஸ்ட்கேட்’ என்ற கதவு திறந்து புகையைச் சுழலிக்குப் போகாமல் திருப்பிவிட்டது. பிறகு 1982 மாடலில் இன்ஜின் பிளாக்கில் ஒரு உணரியைப் பொருத்தினார்கள். நாக்கிங்கின் அதிர்வு கேட்டதும் அது அழுத்தத்தைத் தானே குறைத்தது. ஜெட்ஃபயர் திரவத்தொட்டியால் செய்ய நினைத்ததை இங்கே ஒரு மின்னணுப் பெட்டி செய்துமுடித்தது.

வீட்டுப் பட்டறையைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விட முக்கியமான இன்ஜின், பெருமை குறைந்த ஒன்று: ஒஹையோ மாநிலத்து லிமா ஆலையின் பெயரால் அழைக்கப்படும் ஃபோர்டின் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர். 1974இல் பின்டோ, மஸ்டாங் II கார்களில் வந்தது. வார்ப்பிரும்பு பிளாக், ஐந்து மெயின் பேரிங், தலைமேல் ஒற்றைக் கேம் ஷாஃப்ட். சத்தம் அதிகம், நளினம் குறைவு. 1979இல் ஃபோர்டு அதற்கு டர்போ பூட்டி மஸ்டாங்கில் விற்றது. கார்புரேட்டர் வழியாக வந்த பெட்ரோல் கலவையையே டர்போ உறிஞ்சி அழுத்தும் பழைய முறை. சுமார் 130 குதிரைத்திறன் கிடைத்தது, கூடவே ஓயாத புகார்களும் வந்தன. சில ஆண்டுகளில் அதை நிறுத்திவிட்டார்கள்.

1983இல் தண்டர்பேர்டு டர்போ கூப்பில் அதே இன்ஜின் வேறு ஆளாக வந்தது. கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்திருந்தது. உள்ளே அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள், அமுக்க விகிதம் 8:1. அடுத்த ஆண்டு வந்த மஸ்டாங் எஸ்விஓ மாடலில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்து 175 குதிரைத்திறன் ஆயிற்று. அந்த ஆண்டு மஸ்டாங் ஜிடி-யின் 5 லிட்டர் வி8 தந்ததும் அதே 175தான். ஆனால் எஸ்விஓ-வின் விலை ஜிடி-யைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வாங்குவோர் என்ன செய்வார்கள்? மூன்று ஆண்டுகளில் எஸ்விஓ பத்தாயிரம்கூட விற்கவில்லை.

ஷோரூமில் தோற்ற இன்ஜின் காயலான் கடையில் ஜெயித்தது. டர்போ கூப்களும், ஜெர்மனியில் கட்டப்பட்டு அமெரிக்காவில் மெர்குர் என்ற பெயரில் விற்ற எக்ஸ்ஆர்4டிஐ கார்களும் 1990களில் நொறுங்கியும் துருப்பிடித்தும் பழைய வண்டி யார்டுகளுக்கு வந்து சேர்ந்தன. பின்டோவில் தொடங்கி ரேஞ்சர் பிக்கப் வரை லட்சக்கணக்கான வண்டிகளில் இதே 2.3 பிளாக் இருந்ததால், டர்போ இன்ஜினை அப்படியே தூக்கி வைக்கலாம். தாங்கும் இடமும் கியர்பாக்ஸ் துளைகளும் பொருந்தும். பிந்தைய ரேஞ்சரின் ரோலர் கேம் ஷாஃப்ட், 1987 டர்போ கூப்பின் இன்டர்கூலர் என்று ஒவ்வொரு வண்டியிலிருந்தும் நல்லதை மட்டும் கழற்றிச் சேர்ப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. சுவீடனில் இதே இடத்தை வோல்வோவின் சிவப்புப் பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு இன்ஜின்கள் பிடித்தன.

கட்டும் வேலையின் வரிசை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளாக்கைப் பிரித்து, கழுவி, விரிசல் பார்த்து, லேத் பட்டறையில் ரீபோர் செய்து வாங்குவது முதல் படி. இதை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. பேரிங் இடைவெளியை அளக்க, மெழுகு போன்ற மெல்லிய பிளாஸ்டிக் நூலைக் கிராங்க் ஷாஃப்ட் மேல் வைத்துப் போல்ட்டை முறுக்கிக் கழற்றிப் பார்ப்பார்கள். நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லும். சுமார் 0.05 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு.

டர்போ இன்ஜினுக்கே உரிய நுணுக்கம் பிஸ்டன் ரிங்கில் இருக்கிறது. ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கு நடுவே பீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். 96 மில்லிமீட்டர் அகலமுள்ள லிமா 2.3 இன்ஜினின் சிலிண்டருக்கு, டர்போ இல்லாவிட்டால் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி போதும். டர்போவுக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். சூட்டில் ரிங் நீளும். முனைகள் முட்டிக்கொண்டால் போக இடமின்றிப் பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும். ஆகவே பொறுமையாக அரத்தால் தேய்த்து, மறுபடி அளந்து, மறுபடி தேய்ப்பார்கள். புதிதாகக் கட்டியவர்களின் இன்ஜின் முதல் மாதத்தில் உடைவதற்கு, டர்போவின் அளவைவிட இந்த இடைவெளி காரணமாக இருப்பதுண்டு.

அடுத்தது எண்ணெய். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது; அதைத் தாங்குவது இன்ஜின் ஆயிலின் மெல்லிய படலம்தான். உள்ளே போகும் குழாய் சிறியதாக இருந்தாலும், திரும்பி வரும் குழாய் அகலமாக, நேர் இறக்கமாக, ஆயில் மட்டத்துக்கு மேலே சேம்பரில் சேர வேண்டும். அது எங்காவது மடங்கினால் ஆயில் தேங்கிச் சீலைத் தாண்டி நீலப் புகையாக வெளியேறும். டர்போ போய்விட்டது என்று எண்ணி நல்ல டர்போவைத் தூக்கி எறிந்தவர்கள் நிறைய. சூடாக ஓடிய வண்டியைச் சட்டென்று அணைத்தால் தேங்கிய ஆயில் கருகி அடைத்துக்கொள்ளும். 1980களில் பேரிங் கூட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும் டர்போக்கள் பரவியதும் இந்தத் தொல்லை குறைந்தது.

காற்றை அழுத்தினால் சூடேறும். 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 1 பார் அழுத்தம் ஏறும்போது 110 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று நாக்கிங்கை அழைக்கும், அதனால்தான் இன்டர்கூலர். இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ரெஞ்சும் வெல்டிங்கும் தெரிந்தவர் செய்துவிடலாம். கடைசிவரை கைக்கு எட்டாமல் நின்றது எரிபொருள் அளவுதான். கம்பெனிக் கணினி தன் டர்போவுக்கு மட்டுமே கணக்கு வைத்திருக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகும். எரிபொருள் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர், கூடுதலாக ஒரு இன்ஜெக்டர், தண்ணீர் பீய்ச்சுதல் என்று ஒட்டுப்போட்டே பல ஆண்டுகள் ஓடின. கார்க்கி பெல் 1997இல் எழுதிய ‘மாக்ஸிமம் பூஸ்ட்’ போன்ற நூல்கள் அந்த ஒட்டுவேலையைக் கணக்கறிவோடு செய்யக் கற்றுத்தந்தன. 2001இல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் ‘மெகாஸ்குவர்ட்’ என்ற கட்டுப்பாட்டுக் கருவியை உதிரிப் பாகங்களாகவே கிடைக்கச் செய்தார்கள். வாங்கியவர் தாமே சால்டரிங் செய்து முடித்து, மடிக்கணினியை இணைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அழுத்தத்துக்கும் எவ்வளவு பெட்ரோல் என்று அட்டவணை போடலாம். வீட்டுப் பட்டறையில் இன்ஜின் உடைவது அதோடு நிற்கவில்லை. ஆனால் ஏன் உடைந்தது என்று பதிவைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

இதற்குள் ஜப்பானிய இன்ஜின்களும் களத்துக்கு வந்திருந்தன. 1990 மாடலாக மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டேலன் கார்கள் இலினாய் மாநிலத்தின் நார்மல் நகரத்து ஆலையிலிருந்து வெளிவந்தன. அவற்றின் 4ஜி63 இன்ஜினில் வார்ப்பிரும்பு பிளாக்கும் பிஸ்டன் அடியில் ஆயில் பீய்ச்சும் முனைகளும் உற்பத்தியிலேயே இருந்தன. அதே இன்ஜின் குடும்பம் பூட்டிய லான்சர் எவல்யூஷனில்தான் டாமி மாகினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு உலக ராலிப் பட்டங்களை வென்றார். ஹோண்டாவின் அலுமினிய இன்ஜின்களுக்கு டர்போ கிட் மாட்டுவதும் அதே பத்தாண்டில் தெற்கு கலிபோர்னியாவில் பெருகியது. டர்போவுக்கென்று பிறக்காத இன்ஜின் என்பதால் அங்கே சிலிண்டர் சுவரை மாற்றும் செலவும் சேர்ந்துகொண்டது.

லிமா குடும்பத்து இன்ஜின் 2001 ரேஞ்சரோடு அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. யார்டுகளில் டர்போ கூப் கிடைப்பது இன்று அபூர்வம். 2015 மஸ்டாங்கில் ஃபோர்டு மீண்டும் ஒரு 2.3 லிட்டர் டர்போவை வைத்தது. அலுமினிய பிளாக்கோடு கம்பெனியிலிருந்தே 310 குதிரைத்திறன் தந்தது. விபத்தில் சிக்கிய அந்த மஸ்டாங்குகளின் இன்ஜின்கள் இப்போது பழைய வண்டிகளுக்குள் ஏறத் தொடங்கியுள்ளன. சாலையில் ஓட்ட நினைப்பவருக்குச் சட்டமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் பழைய வண்டிகளில் 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குத்தான் புகைச் சோதனையிலிருந்து விலக்கு. 2.3 இன்ஜினோடு பிறந்த பின்டோக்களில் 1974, 1975 என்ற இரண்டு ஆண்டு மாடல்கள் மட்டுமே அந்த எல்லைக்குள் வருகின்றன.