கிராம்வெல்லும் கடவுள் போட்ட கணக்கும்

1649 ஜனவரி 30. லண்டன் வைட்ஹால் அரண்மனைக்கு வெளியே மேடை போட்டு, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். இதில் விசித்திரம் என்னவென்றால், வெட்டுப்பட்டவரும் வெட்டச் சொன்னவர்களும் நம்பியது ஒரே வேதாகமத்தைத்தான். ராஜாவை ஏற்படுத்தியது தேவன், ஆகவே ராஜாவை விசாரிக்க எந்த மனிதனுக்கும் அதிகாரம் இல்லை என்பது சார்லஸின் கட்சி. ராஜாவைத் தள்ளுவதும் அதே தேவன்தானே, அதைத்தான் போர்க்களத்தில் காட்டிவிட்டாரே என்பது ஆலிவர் கிராம்வெல்லின் கட்சி!

கிராம்வெல் ஒரு சின்ன நிலச்சுவான்தார். நாற்பது வயது தாண்டும் வரை போரையே பார்க்காதவர். அப்படிப்பட்டவர் 1644ல் மார்ஸ்டன் மூர், 1645ல் நேஸ்பி என்று வரிசையாக ஜெயித்தால் என்ன நினைப்பார்? ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும், இது தேவனுடைய செயல் என்று பாராளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். வெறும் அரசியல் வேஷம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பெரிய முடிவு எடுக்கும் முன் நாள்கணக்கில் ஜெபத்தில் காத்திருந்த மனிதர் அவர்.

ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஒரு பயங்கரமான பக்கமும் உண்டு. 1649 செப்டம்பரில் அயர்லாந்தின் டிராகெடா நகரத்தில் அவருடைய படை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதையும் அவர் தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்றே எழுதினார். ஜெயித்ததே சாட்சி என்றால், பிறகு யார் கேள்வி கேட்பது?

அடுத்த வருஷம் இன்னும் வேடிக்கை. 1650 செப்டம்பர் 3, ஸ்காட்லாந்தின் டன்பார். எதிரே நின்ற ஸ்காட்லாந்துக்காரர்களும் தீவிர புராட்டஸ்டன்ட்கள். தேவனுடைய தயவு வேண்டும் என்பதற்காகப் பக்தி போதாத அதிகாரிகளையும் வீரர்களையும் ஆயிரக்கணக்கில் தங்கள் படையிலிருந்து நீக்கிவிட்டு வந்தவர்கள். (அனுபவசாலிகளும் அதில் போய்விட்டார்கள் என்பது வேறு கதை.) நோயில் துவண்டு, மலைக்கும் கடலுக்கும் நடுவே சிக்கியிருந்த கிராம்வெல்லின் படை விடிவதற்குள் தாக்கி ஜெயித்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 3ல், உஸ்டரிலும் வெற்றி.

கணக்கு இடித்தது 1655ல்தான். ஸ்பெயினிடமிருந்து ஹிஸ்பானியோலா தீவைப் பிடிக்க அவர் அனுப்பிய பெரும்படை சாண்டோ டொமிங்கோவில் அவமானகரமாகத் தோற்றது. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவசரத்தில் திரட்டிய ஆட்கள், தண்ணீர்ப் பஞ்சம், காய்ச்சல், பதுங்கித் தாக்கிய எதிரி. ஜமைக்கா ஆறுதல் பரிசாகக் கிடைத்தும் அவர் மனம் ஆறவில்லை. வெற்றி தேவனுடைய தயவு என்றால், தோல்வி எதைக் காட்டுகிறது? யோசுவா காலத்தில் ஆகான் என்ற ஒருவன் செய்த பாவத்தால் இஸ்ரவேலர் முழுவதும் தோற்ற கதைதான் எல்லோர் மனதிலும் வந்தது. அந்த ஆகான் யார்? கிராம்வெல்தான் என்று பழைய தோழர்களிலேயே சிலர் சொன்னார்கள். உபவாச நாள் அறிவிக்கப்பட்டது. நாட்டைப் பிரித்து மேஜர் ஜெனரல்களிடம் ஒப்படைத்து, சாராயக்கடைகளையும் சேவல் சண்டையையும் ஒடுக்கினார்கள். (அந்த வருஷம் மார்ச்சில் நடந்த அரச ஆதரவாளர் கலகமும் இதற்கு ஒரு காரணம்.) 1657ல் அரச கிரீடமே தேடி வந்தபோதும், தேவன் இடித்ததை மறுபடி கட்டமாட்டேன் என்ற அர்த்தத்தில் பேசி மறுத்துவிட்டார்.

1658ல் அவர் இறந்ததும் ஒரு செப்டம்பர் 3தான்.

1660 மே 29ல் சார்லஸின் மகன் லண்டனுக்குள் நுழைந்தபோது, இதுவும் தேவனுடைய செயல் என்று சொல்லி ஸ்தோத்திர நாள் கொண்டாடினார்கள். புதைத்த கிராம்வெல்லைத் தோண்டி எடுத்து, 1661 ஜனவரி 30ல் டைபர்னில் தூக்கில் தொங்கவிட்டார்கள். தேதியைக் கவனியுங்கள். கிராம்வெல் அரசில் வேலை பார்த்த கவிஞர் மில்டன் தப்பித்தார். கண்பார்வை போய், கட்சி தோற்று, 1667ல் அவர் வெளியிட்ட காவியம்தான் 'பாரடைஸ் லாஸ்ட்'. கடவுள் மனிதரை நடத்தும் விதம் நியாயமானதே என்று நிலைநாட்டுவதுதான் தன் நோக்கம் என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்.