விலக்கும் விளக்கம்

கலங்களைக் கரைந்து, அதாவது கூவி, அழைப்பதால் கலங்கரை விளக்கம் எனப் பெயர் வந்தது என்பர் அறிஞர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் நீர்ப்பெயற்றுத் துறையின் விளக்கு அத்தகையதே.

கிள்ளானுக்கு மேற்கே மலாக்கா நீரிணையில் நிற்பதோ, கலங்களை விலக்கும் விளக்கம். அங்குத் தீவில்லை, நீருக்கடியில் மணல்திட்டே உண்டு. மலாய்க்காரர் அதனைப் 'பெர்மாத்தாங் செடெப்பா' என்பர். செடெப்பா என்பது இரு கைகளையும் விரித்த அளவு, ஏறத்தாழ ஆறடி! மேலிருந்து நோக்கும் மாலுமிக்கு வெறுங்கடலாகவே தோன்றும். கலத்தின் அடி தட்டிய பின்னரே உண்மை புலப்படும்.

ஆதலின் 1874இல் கடலிலேயே தூண்கள் நாட்டி முதல் விளக்கத்தை எழுப்பினர். 1907இல் கான்கிரீட் தூண்கள்மேல் மற்றொன்று எழுந்தது. 1999இல் புதிய கோபுரம்.

தமிழகத்திலிருந்து பினாங்கு வழியே சிங்கப்பூர் சென்ற கப்பல்களும் இத்திட்டை விலகியே சென்றன. மேல்தட்டில் மூட்டைகளோடு படுத்துவந்த நம் முன்னோர்க்கு அவ்வொளியின் பொருள் தெரிந்திராது, மாலுமிக்குத் தெரிந்திருந்தது.