என்பு, நாடி, நாளம்: நாம் கற்ற உடற்கூற்றுத் தமிழ் வந்த வழி

நம் பாடசாலையில் உயர்தரத்தில் உயிரியல் கற்ற எவருக்கும் சில சொற்கள் எளிதில் மறக்கமாட்டா. சோணையறை, இதயவறை, பெருநாடி, பிரிமென்றகடு, முண்ணாண், சதையி. தமிழ்நாட்டில் இதே பாடத்தைக் கற்றவர்களுக்கு இவற்றுட் பல புதியவை. நாம் கலம், இழையம் என்பவற்றை அவர்கள் செல், திசு என்பர். நமது என்பு அங்கே எலும்பு. நமது நாடியும் நாளமும் அங்கே தமனியும் சிரையும். இலங்கைத் தமிழில் மருத்துவச் சொற்களுக்குத் தனியானதொரு வரலாறு உண்டு. அதன் தொடக்கம் மானிப்பாயில் இருக்கிறது.

அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அமெரிக்க மிஷனின் வைத்தியராக மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு, நம்மவர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தையும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவதைக் கண்டார். கிராமத்தில் தங்கி வைத்தியம் செய்ய ஆள் வேண்டுமானால் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். விடுமுறையில் தாய்நாடு சென்று 1862இல் திரும்பியபின் அதைச் செய்தும் காட்டினார். இரு மொழிகளிலுமாக 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் கற்று வைத்தியரானார்கள்.

தமிழில் கற்பிப்பதற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தம் மாணாக்கரின் துணையோடு அவர் மொழிபெயர்த்த நூல்களின் பெயர்களே அவர் சொல் தேடிய வழிகளைக் காட்டும். சத்திரசிகிச்சை நூலுக்கு ‘இரண வைத்தியம்’, மகப்பேற்று நூலுக்கு ‘பிரசவ வைத்தியம்’ என மக்கள் நாவில் வழங்கிய சொற்களை எடுத்தார். உடற்கூற்றியலை வடமொழி வழியில் ‘அங்காதிபாதம்’ என்றார். இரசாயன நூலுக்கு ஆங்கில ஒலியையே தழுவி ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டார். ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் லண்டனில் வெளிவந்தது 1858இல். அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் தமிழில் வந்துவிட்டது. இடைவெளி வெறும் 14 ஆண்டுகள். 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை, அவர் தமிழ் நூல் வேலையை விடவில்லை.

ஆனால் அவர் போன சில ஆண்டுகளிலேயே தமிழ்வழி மருத்துவ வகுப்பு நின்றுபோயிற்று. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்திலேயே கற்பித்தது. பெண்களுக்கென இணுவிலில் 1898இல் எழுந்த மக்லியொட் வைத்தியசாலையில் நம் பெண்கள் தாதியராகப் பயிற்சி பெற்றார்கள். எனினும் தமிழ் மருத்துவச் சொற்கள் மீண்டும் பெருமளவில் தேவைப்பட்டது, 1950களில் சுயமொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்குப் பரவியபோதுதான். அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. நம் ஆசிரியைகள் கரும்பலகையில் எழுதிய சொற்கள் அந்த வழியாக வந்தவை.

1990களின் இறுதியில் நான் உயர்தரம் படித்தபோதும் அவையே எமக்கு விஞ்ஞானம். மருத்துவ பீடத்துக்குள் நுழைந்த நாளோடு எல்லாம் ஆங்கிலமாயிற்று. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் கற்பிக்கும் மொழி ஆங்கிலமே. அதில் எனக்குக் குறையில்லை. உலகின் மருத்துவ அறிவு அந்த மொழியில் வருகிறது. ஆனால் நோயாளி வருவது வேறு தமிழோடு.

அவர் சொல்வது, “நாரிக்குள்ள உளையுது, பிள்ளை” என்று. கூகைக்கட்டு, சின்னமுத்து, கொப்பளிப்பான், செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல், ஏற்புவலி, பாரிசவாதம் என்று நோய்களுக்குத் துல்லியமான பெயர்கள் அவரிடம் உண்டு. ஆனால் உடலின் உள்ளே இருப்பவற்றுக்கு அவருடைய சொற்கள் வேறு கணக்கில் இயங்கும். நரம்பு என்றால் அவருக்கு நரம்பும் ஆகலாம், நாளமும் ஆகலாம், தசைநாணும் ஆகலாம். “கால் நரம்பு புடைச்சிருக்கு” என்பவர் காட்டுவது நாளத்தை. ஒருமுறை விடுதியில் இளம் வைத்தியர் ஒருவர், படித்த தமிழில், “நாடியில் அடைப்பு இருக்கு அம்மா” என்றார். அந்த அம்மா தன் நாடியைத் தடவிப் பார்த்தார். நம் பேச்சில் நாடி என்றால் மோவாய் அல்லவா! “நெஞ்சுக்கு இரத்தம் கொண்டுபோற குழாய் அடைபட்டிருக்கு” என்று சொன்னதும் அவருக்கு விளங்கியது. எந்தச் சிகிச்சைக்குச் சம்மதிக்கிறோம் என்பதும் அப்போதுதான் விளங்கியது. விளங்காமல் வைத்த கையொப்பத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

இது யாழ்ப்பாணத்து விடுதிகளில் மட்டும் நடப்பதன்று. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போய், நடுவில் இருந்து மொழிபெயர்க்கும் பழைய மாணவியர் நம்மில் எத்தனை பேர்! “பாங்கிரியாஸ்” என்று வைத்தியர் சொல்ல, சதையி என்ற சொல் நினைவுக்கு வரும். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. இரைப்பைக்குப் பின்னால், சமிபாட்டுக்கு நீர் சுரக்கிற உறுப்பு, சீனியைக் கட்டுப்படுத்துவதும் அதுதான் என்று விளக்குகிறோம். கிறீன் செய்ய முயன்றதும் அதையேதான்.

கிறீனின் நூல்கள் நூலகத்துக்குரியனவாகிவிட்டன. பாடநூற் சொற்கள் பரீட்சையோடு பலருக்கு மறந்துபோகின்றன. கூகைக்கட்டும் கொப்பளிப்பானும் நம் அம்மம்மாக்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இம்மூன்றையும் ஆங்கிலச் சொற்களையும் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒரு சிறு கைநூல் தொகுப்பது நம் சங்கத்துக்கு இயலாததன்று. வைத்தியர்களும் தாதியரும் உயிரியல் ஆசிரியைகளும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஊர்ச்சொற்களை அறிந்த மூத்த மாணவியரும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். நூற்றாண்டு காணும் நம் அன்னைக்கு அது நல்ல காணிக்கையாக இருக்கும். இனி வரும் நோயாளிக்கும் பயன்படும்.