தொலைநோக்கு

தொலை + நோக்கு. 'நோக்கு' வெறும் பார்வையன்று, கருத்தூன்றிப் பார்ப்பது. 'நோக்கம்' பிறந்ததும் இதே வேரில்தான். இடத்தின் தொலைவைச் சுட்டிய சொல், காலத்தின் தொலைவுக்கும் விரிந்தது.

முன்கணிப்பு வேறு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பருவமழை இவ்வளவு பெய்யலாம் என்று சொல்வது முன்கணிப்பு. வரக்கூடிய பல எதிர்காலங்களை எண்ணி, வேண்டியதற்கு இன்றே ஆயத்தமாவது தொலைநோக்கு.

தொழில்நுட்பத்தில் இதற்கென்றே 1988இல் டைஃபாக் என்னும் இந்திய அமைப்பு உருவானது. அப்துல் கலாம் தலைமையில் அது 2020க்கான தொலைநோக்கை வகுத்தது. கோவை அமிர்தா பல்கலைக்கழகத்தில் இணையப் பாதுகாப்பு மையத்துக்குத் துணைநின்றது. ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கிலுள்ள பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தில் இந்தியாவின் உறுப்பமைப்பாக அமைந்ததும் அதுவே. அதுபோலவே, பம்பும் நூலும் செய்யும் கொங்குத் தொழில்முனைவோரும் இத்தகைய பன்னாட்டு வலைப்பின்னலில் நேரடியாகப் பங்கேற்க வேண்டும்.