மூன்று ஊருக்கு ஒரு எழுத்தர்

புதுச்சேரியில் குடியிருக்கும் உங்களுக்குக் ‘கொம்யூன்’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. 1880இல் பிரெஞ்சு அரசாணை வழியாக இங்கே வந்த ஏற்பாடு அது. வில்லியனூர், பாகூர் என்று கொம்யூன் பஞ்சாயத்துகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் நம் கொம்யூன் என்பது பல கிராமங்கள் சேர்ந்தது. பிரான்சிலோ பெரும்பாலும் கிராமத்துக்குக் கிராமம் தனிக் கொம்யூன்தான்.

1789 புரட்சியின்போது பழைய தேவாலயப் பங்குகளை ஒட்டி அமைந்தவை அவை. இன்றும் ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. நம் நகரின் நான்கைந்து தெருக்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், ஒரு மேரி கட்டடம். முதல் உலகப்போரில் வெர்தன் அருகே அழிந்துபோன ஆறு ஊர்களில் இன்று யாரும் வசிப்பதில்லை. அவற்றுக்கும் அரசு மேயர் நியமிக்கிறது. ஊர்ப்பெயர் மேல் அவ்வளவு பிடிப்பு!

சரி, பிறப்பு, இறப்புப் பதிவு, வரவுசெலவு, தேர்தல் பட்டியல் எல்லாம் யார் எழுதுவது? முன்பெல்லாம் ஊர்ப் பள்ளி ஆசிரியரே மாலையில் மேரியில் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பார். பிள்ளைகள் குறைந்து பள்ளிகள் மூடப்பட, அந்த வசதியும் போயிற்று. இப்போது பல இடங்களில் ஒரே எழுத்தர் திங்கட்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை அடுத்த ஊர் என்று சுற்றிவருகிறார். மேயரைவிடச் சட்டம் தெரிந்தவர் பெரும்பாலும் அவர்தான். ஆள் கிடைக்காத நிலை வந்த பிறகு, 2023 இறுதியில் அந்தப் பணிக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள்.

எழுத்தரைப் பகிரலாம், தண்ணீர்க் குழாயை எப்படிப் பகிர்வது? அதற்கு வழி செய்தது 1890 மார்ச் மாதச் சட்டம். சில ஊர்கள் கூடி ஒரே ஒரு வேலைக்காகக் கூட்டமைப்பு ஏற்படுத்தலாம். ஊர் பெரிதோ சிறிதோ, தலா இரண்டு பிரதிநிதிகள். சம்பந்தப்பட்ட எல்லா மன்றங்களும் சம்மதிக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. முதலில் பெரிய வரவேற்பு இல்லை. இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், மின்கம்பம் நடவும் குடிநீர் கொண்டுவரவும் கிராமங்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தின.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். 1959இல் விதி மாறியது. ஒரே கூட்டமைப்பு பல வேலைகளைச் செய்யலாம் என்றார்கள். பெரும்பான்மை ஊர்கள் ஒத்துக்கொண்டால் மறுக்கும் ஊரையும் சேர்க்கலாம் என்றும் ஆனது. 1971இல் ஊர்களையே இணைக்கச் சட்டம் வந்தபோது, பெரும்பாலான ஊர்கள் அசையவில்லை. 1992இல் சொந்த வரி போடும் உரிமையோடு ‘கொம்யூன் சமூகங்கள்’ வந்தன. 2010 சட்டம் எல்லா ஊரும் ஏதோ ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றது. 2015இல், மலைப்பகுதி போன்ற விலக்குகள் தவிர, ஒவ்வொன்றிலும் குறைந்தது 15,000 பேர் வேண்டும் என்றார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தவை 2017 தொடக்கத்தில் ஏறத்தாழ 1,260 ஆகச் சுருங்கின.

சம்மதத்தில் தொடங்கியது கட்டாயத்தில் போய் நின்றது. சிக்கனம் உண்மைதான், தனியாக நின்றால் 200 பேர் உள்ள ஊரால் குப்பை லாரி வாங்க முடியாது. ஆனால் பெரிய கூட்டத்தில் அந்த ஊருக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் இருக்கைதான். குழாய் உடைந்தால் மக்கள் கதவைத் தட்டுவது பக்கத்து வீட்டு மேயரிடம். முடிவெடுப்பது எங்கோ இருக்கும் அலுவலகம். குடிநீர்ப் பொறுப்பை முழுவதும் மேலே கொடுத்துவிட வேண்டும் என்ற 2015 கட்டளைக்கு எதிர்ப்பு ஓயவேயில்லை. முதலில் 2026 வரை தள்ளிப்போட வழிவிட்டார்கள். 2025 ஏப்ரலில், இன்னும் ஒப்படைக்காத ஊர்களுக்கு அந்தக் கட்டாயத்தையே நீக்கிவிட்டார்கள்.

இந்தக் கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? பக்கத்து இரண்டு நகர்ச் சங்கங்களோடு சேர்ந்து ஒரே கணக்காளரை வைத்துக்கொள்ளும் யோசனை பொதுக்குழுவுக்கு வருகிறது. நான் ஆதரித்தே கை தூக்குவேன். அதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்பேன்: அவர் எந்தக் கிழமை நம் சங்க அறையில் இருப்பார்? ஒத்துவரவில்லையென்றால் நாம் விலகிக்கொள்ள முடியுமா? நீங்களும் வந்திருந்து கேளுங்கள்.