மாங்குளத்துப் புலிமுகச் சிலந்தி: காடு விரட்டியதா, வெறுமையான விடுதி இடம் கொடுத்ததா?

2012ஆம் ஆண்டு முடிவில் பிரித்தானிய டரன்டுலா சங்கத்தின் சஞ்சிகையில், ரணில் நாணயக்காரவும் அவருடைய குழுவினரும் வட இலங்கையின் வன்னியிலுள்ள மாங்குளத்துப் புலிமுகச் சிலந்தி ஒன்றைப் புதிய இனமாக விவரித்து, அதற்குப் பீசிலோதேரியா ராஜேயி என்று பெயரிட்டனர். 2013 ஏப்ரலில் உலகச் செய்தித்தாள்கள் இதை எடுத்துக்கொண்டபோது, சிலந்தி மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியில் கிடைத்தது என்ற தகவலே வாசகர் மனதில் நின்றது. மரப்பொந்தில் வாழும் பிராணி கட்டடத்துக்குள் ஏன் வந்தது? நாணயக்கார அப்போது செய்தியாளருக்குத் தந்த விளக்கம் சுருக்கமானது: இவை முதிர்ந்த மரங்களை நாடுபவை, காடழிப்பால் அத்தகைய மரங்கள் அருகின, ஆகவே பழைய கட்டடங்களுக்குள் நுழைகின்றன.

இக்கட்டுரை அந்த விளக்கத்தை மறுக்கிறது. கேள்வி வாழிடத்தோடு முடிவதில்லை. காடிழந்து ஒதுங்கிய சிலந்தி என்பதிலிருந்து அரிய சிலந்தி என்பதும், அதிலிருந்து மாங்குளத்துக்கே உரியது என்பதும், கடைசியில் தனி இனம் என்பதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. முதற் கண்ணி தளர்ந்தால் மற்றவற்றையும் சோதித்தே ஆகவேண்டும்.

1. தேடக்கூடிய இடமும் வாழும் இடமும்

நாணயக்கார குழுவின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வன்னிக்குள் சென்று சிலந்தி தேடிய வேறு எவரையும் நான் அறியேன். ஆனால் அந்தக் காலமே அவர்களுடைய சான்றின் எல்லையையும் வகுத்துவிட்டது. ஏ9 வீதியின் இருமருங்கிலும் மிதிவெடி அகற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. வீதியை விட்டு விலகிக் காட்டுக்குள் இறங்குவது உயிரோடு விளையாடுவதாக இருந்தது. புதிய இனத்தின் பெயரே இதற்குச் சாட்சி: ஆபத்தான அச்சூழலில் குழுவுக்கு வழிகாட்டிய பொலிஸ் பரிசோதகர் ஒருவரைச் சிறப்பித்தே அது ராஜேயி ஆயிற்று. பொலிஸ் துணையின்றி நடமாட முடியாத நிலத்தில் பாலையும் வீரையும் நிறைந்த உட்காட்டை மரம் மரமாகத் தட்டிப் பார்த்திருக்க வழியில்லை. வெடி அகற்றப்பட்ட வைத்தியசாலை வளவு தேடக்கூடிய இடம்; தேடக்கூடிய இடத்தில் தேடியதில் கிடைத்தது. அது சிலந்தி எங்கே இருக்கிறது என்பதில் ஒரு பகுதியைச் சொல்லும். எங்கே இல்லை என்பதைச் சொல்லாது.

இன்னொரு விவரமும் கவனிப்பாரற்றுப் போயிற்று. சிலந்திகள் விடுதியில் மட்டுமன்றி மரங்களிலும் கிடைத்தன. செய்தி ஊர் ஊராகப் போனபோது மரம் கழன்றது, விடுதி மட்டும் எஞ்சியது.

காடழிப்பு என்ற காரணமும் மாங்குளத்துக்கு எளிதில் பொருந்தாது. முல்லைத்தீவு மாவட்டம் இலங்கையில் காடு மிகுந்த மாவட்டங்களுள் ஒன்று. 2009இல் மாங்குளத்தைச் சுற்றி நின்றது வெட்டவெளியன்று. பாலை, வீரை, முதிரை, யாவறணை கலந்த உலர்வலயக் காடு. வீரை மரத்தின் அடி வரிவரியாகப் பிளந்து, வயதேறும்போது உள்ளே கோறையாவது. புலிமுகச் சிலந்தி ஒளிய அதைவிட வாய்ப்பான மரத்தைத் தேடுவது கடினம். எதிர்ச்சான்றையும் சொல்லவேண்டும். வீதியோரக் காட்டைப் போரின் இரு தரப்பும் பாதுகாப்புக்காக வெட்டித் தள்ளின; காப்பரண்களுக்கு அடிமரங்கள் தறிக்கப்பட்டன. ஆகவே வீதியை ஒட்டிய குறுகிய பட்டையில் முதிர்மரம் குறைந்தது உண்மை. ஆனால் அந்தப் பட்டையைக் கொண்டு வன்னிக்காடு முழுவதற்கும் தீர்ப்பெழுதுவது முறையன்று.

2. 2009ஆம் ஆண்டு ஆண் சிலந்தி

இந்த இனத்தின் வரலாறு தொடங்குவது, ஊரவர் ஒருவர் 2009இல் கொண்டுவந்து கொடுத்த இறந்த ஆண் சிலந்தி ஒன்றிலிருந்து. அதன்மீது எவரும் போதிய நேரம் செலவிட்டதாகத் தெரியவில்லை. இரண்டு காரணங்களுக்காக அது முக்கியமானது.

முதலாவது, அதன் பால். இச்சிலந்திகளில் பெண் தன் பொந்தை விட்டு அதிகம் விலகுவதில்லை. பல ஆண்டுகள் வாழும். முதிர்ந்த பின்னும் தோலுரிக்கும். ஆண் கடைசித் தோலுரிப்போடு முதிர்ந்து, பொந்தைத் துறந்து, பெண்ணைத் தேடி இரவுகளில் அலைந்து, விரைவில் மடியும். அலையும் ஆண் கிடைத்த இடம் அதன் வாழிடமாக இருக்கவேண்டியதில்லை. கதவு நிலையில் அடிபட்ட ஆண், அருகே எங்கோ பெண்கள் உள்ள பொந்து உண்டு என்பதற்குத்தான் சான்று.

இரண்டாவது, அதன் ஆண்டு. 2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னி மக்களில் பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அந்த ஆண்டின் இறுதியில்தான் துணுக்காய்ப் பக்கம் மீள்குடியேற்றம் தொடங்கியது. ஆகவே 2009இன் எந்த மாதத்தில் அச்சிலந்தி கைக்கு வந்திருந்தாலும், அது மனித நடமாட்டம் அற்றுப்போய் மீண்டும் அரும்பத் தொடங்கிய ஒரு நிலத்திலிருந்து வந்தது. கட்டடங்களுக்குள் சிலந்திகள் குடியேறியது அதற்கு முந்திய வெறுமையில் என்பதே என் வாசிப்பு.

எந்த வெறுமை என்பதுதான் சிக்கல். மாங்குளம் பலமுறை கைமாறிய ஊர். 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பர் இறுதியில், ஜயசிக்குறு நடவடிக்கையின் கடைசிக் கட்டத்தில், இராணுவம் ஊரைப் பிடித்தது. 1999 நவம்பரில் அது மீண்டும் விடுதலைப் புலிகள் வசமாயிற்று. 2008 நவம்பரில் இராணுவம் மறுபடி நுழைந்தது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் மக்கள் பெயர்ந்தார்கள், கட்டடங்கள் ஆளின்றிக் கிடந்தன. சிலந்தி விடுதிக்குள் வந்தது 1998ஐ ஒட்டியா, 2008ஐ ஒட்டியா என்பதை இப்போதுள்ள சான்றால் தீர்க்க முடியாது. பெண் சிலந்தி முதிர ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் ஒரே ஆண்டின் வெறுமை போதாதோ என்ற ஐயம் எனக்குண்டு. முதிர்ந்த பெண்ணே நேரே வந்து புகுந்திருக்கலாம் என்ற மறுப்பும் செல்லுபடியானதே. நாள் எதுவாயினும் காரணம் ஒன்றே. ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கு, வெடித்த சுவர், கழன்ற கதவு நிலை எல்லாம் இருட்டும் ஒடுக்கமும் கொண்டவை. விளக்கும் விளக்குமாறும் இல்லாத வீடு இச்சிலந்திக்கு இன்னொரு கோறை மரம். காடு குறைந்துதான் அது உள்ளே வரவேண்டும் என்பதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காடழிப்பு விளக்கத்தைக் கேட்கும் வெளியூர் வாசகர், காட்டை அழித்தவர் யார் என்று தேடும்போது, திரும்பி வந்து காணி துப்புரவாக்கிய ஏழை மக்களையே காண்பார். நாணயக்கார அப்படிச் சொல்லவில்லை. ஆயினும் அந்த விளக்கம் போய்ச் சேரும் இடம் அதுவே. வீடிழந்து முகாமில் கிடந்தவர்களின் கணக்கில் சிலந்தியின் இடப்பெயர்வையும் எழுதுவது அநீதி.

3. கால்களின் அடிப்பக்கம்

இனி உடலமைப்பு. புலிமுகச் சிலந்திகள் அடங்கும் பீசிலோதேரியாப் பேரினத்தின் வகைப்பாடு தொடக்கத்திலிருந்தே படத்தையும் நிறத்தையும் நம்பி வளர்ந்தது. 1734இல் ஆல்பர்டஸ் சேபா வெளியிட்ட இலங்கைச் சிலந்திப் படத்தை வைத்தே 1804இல் லத்ரேய் முதல் இனத்துக்குப் பெயரிட்டார். 1885இல் சிமோன் பேரினத்தை அமைத்தார். இலண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய போகொக் 1899இல் எழுதிய விரிவான ஆய்வில், கால்களின் அடிப்பக்கப் பட்டைகளே இனம் பிரிக்கும் முதன்மை அடையாளமாயின. அந்த மரபு இன்றும் நீடிக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. புலிமுகச் சிலந்தியை மேலிருந்து பார்த்தால் மரப்பட்டையோடு ஒன்றிய சாம்பலும் கறுப்பும்தான் தெரியும். சீண்டினால் முன்கால்களை உயர்த்தும். அப்போதுதான் அடிப்பக்கத்து மஞ்சள் பளிச்சிடும். அமெரிக்கக் கண்டத்து உறவினம் பலவற்றைப்போல இதற்கு உதிர்த்துவிடும் அரிப்புமயிர் கிடையாது. ஓட்டம், எச்சரிக்கை மஞ்சள், நச்சுப்பல் ஆகியவையே பாதுகாப்பு. ராஜேயியில் கால் விரிவு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். முதற் கால்களின் அடியில் கடும் மஞ்சள். நான்காம் கால்களில் மஞ்சளும் சாம்பலும் கோத்த வடிவங்கள். உடலைச் சுற்றி இளஞ்சிவப்புப் பட்டை. புதிய இனம் என்ற வாதம் இவற்றின்மேல் நிற்கிறது.

இந்த இளஞ்சிவப்புப் பட்டையிடத்தில் நான் தயங்குகிறேன். இதே பேரினத்தைச் சேர்ந்த இந்தியாவின் ரெகாலிஸ் இனத்துக்கும் வயிற்றின் அடியில் குறுக்கே ஒரு வெளிர்பட்டை உண்டு. போகொக் பார்த்தவை சாராயத்தில் ஊறிய உடல்கள். அதில் மஞ்சளும் சிவப்பும் வெளுத்துவிடும். மாங்குளச் சிலந்தியின் நிறம் உயிருள்ள உடலில் பார்க்கப்பட்டது. உயிருள்ள சிலந்தியிலும் தோலுரித்த மறுநாள் உள்ள நிறம் அடுத்த தோலுரிப்புக்கு முன் மங்கிக் கிடக்கும். ஆகவே இளஞ்சிவப்பா, வெளிர்நிறமா என்பதை இனத்தின் எல்லையாகக் கொள்ள எனக்குத் துணிவில்லை. நான்காம் காலின் வடிவங்கள் இதைவிட வலுவானவை. அவை ஒவ்வொரு தோலுரிப்பிலும் அதே இடத்தில் திரும்புகின்றனவா என்பதைப் பல உடல்களில் பார்த்தால் என் ஐயம் நீங்கக்கூடும். பெயர் வெளியான காலத்திலேயே மரபணு ஒப்பீடு வேண்டும் என்ற குரலும் எழுந்தது. அக்கோரிக்கை நியாயமானது.

4. மன்னார் வழி

மாங்குளத்துக்கே உரியது என்ற கண்ணியை இனிச் சோதிக்கலாம். 2004இல் அன்ட்ரூ ஸ்மித் இராமேசுவரத் தீவிலிருந்து இதே பேரினத்தின் ஹனுமவிலாசுமிகா என்ற இனத்தை விவரித்தார். அது அங்கு மட்டுமே உள்ளதென எண்ணப்பட்டது. 2015இல் நாணயக்காரவும் கூட்டாளிகளும் அதே இனத்தை மன்னார்ப் பகுதியில் கண்டு வெளியிட்டனர். என் மறுப்புக்கு மிகப் பெரிய துணை அவர்களுடைய இந்தக் கட்டுரையே. குறுகிய வாழிடம் கொண்டதெனப்பட்ட சிலந்தி கடலுக்கு இப்பாலும் இருந்தது, தேடாததால் தெரியவில்லை. மாங்குளம் மன்னாரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான். இடையே மடு, நட்டாங்கண்டல், துணுக்காய்க் காடுகள் உள்ளன. அந்தப் பாதையில் மரம் தட்டிப் பார்க்காமல் மாங்குளத்துக்கே உரியது என்று சொல்லலாகாது.

இதற்கு மறுதரப்பும் உண்டு. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் பாக்குநீரிணை நிலமாக இருந்தது. அந்த இணைப்பு இறுதியாக மூழ்கியது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பா, 7,000 ஆண்டுகளுக்கு முன்பா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் நிலப்பாலம் இருந்தபோதிலும் தவளை, நண்டு போன்றவற்றின் இலங்கைக் கிளைகள் பெரும்பாலும் தனித்தே வளர்ந்தன என்று பொசுயிட் முதலானோர் 2004இல் சயன்ஸ் இதழில் காட்டினர். அவ்விதி சிலந்திக்கும் பொருந்தினால் ராஜேயியின் தனித்தன்மை உறுதிப்படும். எனினும் அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்டவை ஈரவலயப் பிராணிகள். நடுவே கிடந்த வறண்ட நிலம் ஈரம் விரும்பும் தவளைக்குத் தடை; வறள்காட்டுச் சிலந்திக்கு அதுவே வழியாக இருந்திருக்கலாம். நிறமும் உருவமும் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். மேற்குத்தொடர்ச்சி மலையின் டிஜிட்டிபெஸ் மட்டத்தேள்களை ஜானவி ஜோஷியும் பிரவீன் கரந்தும் 2012இல் மரபணுவோடு வைத்து ஆராய்ந்தபோது, ஒன்றெனத் தோன்றியவற்றுள் மறைந்திருந்த இனங்கள் வெளிப்பட்டன. மாங்குளச் சிலந்தியும் அப்படித் தனித்தது என்று நாளை நிறுவப்படலாம். அப்போது அதற்குச் சான்று மரபணுவாக இருக்கும். வைத்தியர் விடுதியாக இராது.

5. செய்யவேண்டியது

இச்சிலந்திகளைக் கொல்லாமலே கேள்வியைத் தீர்க்கலாம். பெண் தோலுரிக்கும்போது விந்தைச் சேமிக்கும் உட்பையின் படலமும் தோலோடு வெளிவரும். இனம் பிரிப்பதில் கால்நிறத்தைவிட அது நம்பகமானது. பழைய கட்டடங்களைத் திருத்தும்போது ஓட்டிடுக்கிலும் நிலையிடுக்கிலும் கிடைக்கும் உரிந்த தோற்சட்டைகளை, இடமும் நாளும் எழுதிச் சேர்த்தாலே பெரிய சான்றுத் தொகுதி உருவாகும். உதிர்ந்த கால் ஒன்று மரபணுச் சோதனைக்குப் போதும். மன்னார், மடு, மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று நீளும் அத்தொகுதியை இராமேசுவரத்துச் சிலந்தியோடும் ரெகாலிஸோடும் ஒப்பிடவேண்டும். இவ்வேலையை வன்னிப் பிள்ளைகளே செய்யமுடியும். ஒரு நிபந்தனை: கை வைக்கக் கூடாது. கடி உயிரைக் கொல்வதில்லை; ஆனால் கடும் தசைப்பிடிப்பைத் தரும், சிலருக்கு அது நாட்கணக்கில் நீளும்.

அதுவரை ராஜேயி என்ற பெயரை நீக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2019இல் இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்ததை ஏற்று, சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இப்பேரினம் முழுவதும் சேர்க்கப்பட்டது. ஆகவே தனி இனமா, அயலினத்தின் வடிவமா என்ற வழக்கு முடிவதற்குள் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு தளரப்போவதில்லை. நீக்கவேண்டியது காடு விரட்டியது என்ற விளக்கத்தை. வன்னியில் ஒரு பிராணி எங்கே கிடைத்தது என்று எழுதும் எவரும், அந்த இடம் அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.