காலிபோரே முகாமின் மீன் கணக்கு

கர்நாடகக் காட்டில், காவிரிக் கரையில் காலிபோரே மீன்பிடி முகாம் இருந்தது. தங்க வந்தவருக்குக் கூடாரம், பரிசல், தூண்டிலில் கோர்க்கக் கேழ்வரகுக் களி உருண்டை. அவ்வளவுதான் ஆடம்பரம்! பிடித்த மகசீரைக் குழம்பு வைக்க முடியாது. எடையை நோட்டில் எழுதிவிட்டு ஆற்றிலேயே விடவேண்டும்.

2012-ல் அங்கே தூண்டிலுக்குத் தடை வந்தது. பிறகு ஆய்வாளர்கள் 1998 முதல் 2012 வரையிலான நோட்டுக் கணக்கைப் புரட்டினார்கள். சிக்கிய மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் லாபக்கணக்கு! ஆனால் பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கே உரிய கூனல்முதுகு மகசீரோ அநேகமாகக் காணாமல் போயிருந்தது. பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் எழுதி வைத்த நோட்டு இல்லையென்றால் இது தெரிந்தே இருக்காது.

அந்த மீனின் அறிவியல் பெயர் டார் ரெமாதேவி என்று உறுதியானது 2018-ல். மிக அருகிவிட்ட இனம் என்று அறிவிக்கப்பட்டதும் அதே வருடம்தான்.